கடலில்: 31

வார்டோ துறைமுக அலுவலகத்துக்கு
டிசம்பரில் பதினொரு மணிக்கு வெளிச்சம் என்று ஏதோ வரும்.
கோட்டைக் கழற்றாமலே நின்றுவிட்டு
ஒன்றரைக்குள் போய்விடும்.
அதற்குள் சிசெல் சொன்னாள்:
"ஒவ்வொரு படகாய்ப் புரட்டிப் புரட்டி
விரல் தேய்ந்துபோச்சு.
கடலில் இருக்கிறவர்களை எல்லாம்
ஒரே பார்வையில் காட்டு."

அதுவரை திரைக்கு ஒரு படகு.
பெரிய எழுத்தில் பெயர், கீழே தலைவன், நீளம், காப்பீடு,
மூலையில் ஒரு புகைப்படம்.
ஒன்றைப் பார்க்கும்போது
மற்ற முப்பதும் உலகத்திலேயே இல்லை.

புகைப்படத்தை எடுத்தேன்.
நீளத்தை எடுத்தேன்.
காப்பீட்டை ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளித்தேன்.
தலைப்புகளை உச்சியில் ஒரே ஒரு முறை எழுதி
வரியின் உயரத்தைச் சீவினேன்,
செதில் சீவுகிற கத்தியோடு,
சதை தெரியும் முன் நிறுத்தி.

படகு. தலைவன். போன நேரம். திரும்பும் நேரம்.
ஹால்வார் இங்கேபிரிக்ட்சென் அந்த அகலத்தில் அடங்கவில்லை,
"ஹால்வார் இங்கே" என்று நின்றுவிட்டான்.
"இதைவிடக் குறுகலான இடத்தில்தான் தூங்குகிறான், விடு."

பிறகு கேட்டாள்:
"நேரம் தாண்டினால் சிவப்பு. முடியுமா?"
முடியும் என்றேன்,
முடியும் என்று சொல்கிற எல்லோரையும் போல.

அன்று மார்த்தினே மட்டும் இருபது நிமிடம் பிந்தியிருந்தது.
ஓட்டினேன்.
முப்பத்தொரு வரியும் சிவந்தது.

அதே நேரம் கதவு திறந்தது, பனியோடு போர்கில்ட்,
நிறுத்துக் கட்டணம் கட்ட வந்தவள்.
திரை கவுண்டரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
அவள் கத்தவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றி
மேலிருந்து கீழே வாசித்தாள், வரி வரியாய்,
பதினேழில் நின்றாள்.
"பிழை," என்றாள் சிசெல், "அது வெறும் பிழை."
"யாருடைய?"

என்னுடையது.
நான் வரைந்தது ஒரு பெட்டி.
கண்ணுக்கு முப்பத்தொன்றாய்த் தெரிவது
அதே பெட்டி, முப்பத்தொரு தரம் வரையப்பட்டது.
அதனிடம் போய்ச் "சிவந்து போ" என்றால்
எந்தப் படகுக்கென்று அதற்கு எப்படித் தெரியும்?
அழித்தேன்.
நிறத்தைப் பெட்டிக்குச் சொல்லாமல்
நிபந்தனையாய் எழுதினேன்:
வரி ஒவ்வொன்றும்
தன் நேரத்தைத் தானே பார்த்து, தேவையானால் தானே சிவக்கட்டும்.

இரண்டரைக்கு மார்த்தினே மட்டும் சிவப்பு,
மற்றவை பால்.
மூன்று நாற்பதுக்கு மார்த்தினே துறைக்குள் வந்தது.
அதன் வரி மறைந்தது.
கீழே இருந்தவை ஒரு படி மேலே ஏறின.
போர்கில்ட் இன்னும் போகவில்லை,
இரண்டாவது காபி ஆறிக்கொண்டிருந்தது.
"கடைசியில் ஒரு காலி வரி, நட்சத்திரம் போட்டு.
அது யாருக்கு?"

யாருக்கும் இல்லை, என்றேன்.
புதிதாய்ச் சேர்க்க, மென்பொருள் தானாக வைப்பது.
"எடுத்துவிடு."
சேர்க்கை அனுமதி: இல்லை.
ஒரே சொல்தான். காலி வரி போயிற்று.
புதியவர்களை இனி வேறொரு படிவத்தில் எழுத வேண்டும்,
சிசெலுக்கு அது கூடுதல் வேலை,
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு விடுதிக்கு அழைத்தாள்.
"எல்லாம் வெள்ளையாய் இருக்கு."
நல்லதுதானே.
"நல்லதா? நின்றுபோயிருந்தாலும்
இப்படித்தானே இருக்கும்?"

காலணியை மறுபடி மாட்டிக்கொண்டு போனேன்.
படிவத்தின் அடிப்பகுதியில்
இரண்டு சின்னக் கட்டம்.
ஒன்றில் எண்ணிக்கை, கடலில்: 30.
மற்றதில் ஒரு கடிகாரம்,
நொடி நகர்வது தெரிகிற மாதிரி.
சிசெல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
நாற்பத்து மூன்று